முதுகுப் பக்கம் ஓர் ஆள்

கற்பிட்டி,
1938 பெப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைத் தோணியில் வந்தது. கிரிக்கெட்டில் சிலாபத்தாரிடம் தோற்றுவிட்டோம், அதிர்ஷ்டம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த கோபத்தில் அம்மா வைத்த கஞ்சி ஆறிப்போயிற்று. அதிர்ஷ்டத்தை விடுங்கள். அவர்களுடைய மட்டைக்காரர் அருளப்புவுக்கு முதுகுப் பக்கம் ஓர் ஆள் நிறுத்தினீர்களா, இல்லையா?

நிறுத்தியிருக்க மாட்டீர்கள். நிறுத்தியிருந்தால் அவர் ஒருவரே பாதி ஓட்டத்தை அடித்திருக்க முடியாது.

கலியாணத்தோடு பள்ளிக்கூட வேலையை விட்ட எனக்குச் சனிக்கிழமைகளில் வேறு என்ன இருந்தது? மற்றப் பெண்கள் மைதானத்துக்குத் தையல் கொண்டுவந்தார்கள். நான் தாளும் பென்சிலும் கொண்டுவந்தேன். மட்டைக்காரர் ஒருவருக்கு ஒரு தாள், தாளில் ஒரு வட்டம், அவர் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு. இரண்டு வருஷமாக வாகை மரத்தடியில் இருந்து கீறியிருக்கிறேன். நீங்களும் பார்த்தீர்கள், சிரித்தீர்கள்.

அருளப்பு காலை முன்னுக்கு வைத்து, தான் பார்த்து நிற்கும் முகப்பக்கம் அடிக்கிற அடி அழகானதுதான். சனம் கைதட்டும். கைதட்டின அடிதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. அதனால் நாலு பேரை அங்கே காவலுக்கு விடுகிறீர்கள். ஆனால் அவருடைய ஓட்டம் அங்கே இல்லை. இடுப்புக்கு வரும் பந்தை மணிக்கட்டால் மெல்லத் திருப்பி, முதுகுப் பக்கம் வெறும் நிலத்தில் தள்ளிவிட்டு ஓடுகிறார். அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. என் தாளில் அந்தப் பக்கம் கோடுகள் அடர்ந்து கறுத்துப்போய்க் கிடக்கின்றன. அந்தத் தாளை நம் வீட்டு அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுத்தான் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். எடுத்துப் பார்க்கவாவது செய்தீர்களா?

பிள்ளை பிறக்கும்வரை படலைக்கு வெளியே போகக் கூடாதாம். நேற்று அம்மாவிடம் இந்தத் தோல்வியைச் சொன்னேன். “வயித்துப் பிள்ளக்காரிக்குப் பந்துக் கதை என்னத்துக்கு? செபமாலையைச் சொல்லு” என்றா. சொன்னேன். சொல்லும்போதும் அந்த வெறும் நிலம்தான் கண்ணில் நின்றது.

இப்படிக்கு,
கத்தரினா


புத்தளம்,
பெப்ரவரி 13

அன்புள்ள கத்தரினாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா என்று கேட்டு எழுதலாம் என்று இருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்ததும் நல்ல சுகமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிந்தது.

ஓம், நிறுத்தவில்லை. நிறுத்தப் பார்த்தேன். அதையும் கேள். ஸலாஹுதீனைப் போலப் பந்து பிடிக்க எங்கள் பக்கத்தில் வேறு ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டு லெக் பக்கம், பின்னுக்குப் போய் நில் என்றேன். மைதானம் முழுக்கக் கேட்க, “அங்க என்னத்துக்கு மச்சான்? ஆடு மேய்க்கவா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, அவனை அவன் வழமையாக நிற்கும் இடத்திலேயே விட்டுவிட்டேன்.

மரத்தடியில் இருந்து கோடு கீறுவது வேறு. பத்துப் பேர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது சட்டைப் பையிலிருந்து தாளை எடுப்பது வேறு. பகல் முழுக்க உப்புக் களஞ்சியத்தில் பெரிய கிளாக்கரின் கடதாசிகளுக்குத் தலையாட்டுகிறேன். சனிக்கிழமையிலும் ஒரு கடதாசிக்குத் தலையாட்ட வேண்டுமா?

ஆனாலும் அடுத்து மதுரங்குளியோடு ஆட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஆட்களை எங்கெங்கே நிறுத்தலாம் என்று எழுதி அனுப்பு. தபால் கந்தோர் ஹாசிம் முழங்கால் நோவால் இந்த வருஷம் விளையாடவில்லை. உன்னைப் போலக் கோடு கீறச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பொழுதுபோக்குக்கு என்றேன். அவர் கீறினதையும் இதோடு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அருமைநாயகம்


கற்பிட்டி,
பெப்ரவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

ஹாசிம் நானா கீறினது கிரிக்கெட் அல்ல. நண்டு நடந்த மணல். பௌண்டரிக்குப் போன பந்தை மட்டும் கீறியிருக்கிறார். தட்டிவிட்டு ஒற்றை ஓட்டம் ஓடினதையும் கீற வேண்டும். அடித்தும் ஓட்டம் கிடைக்காததையும் கீற வேண்டும். அகப்படாமல் உயரப் போய் விழுந்த பந்தை முக்கியமாகக் கீற வேண்டும். இல்லாவிட்டால் பிடி எங்கே வரும் என்று எப்படித் தெரியும்? அவருக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள். பொழுதுபோக்கு என்று சொன்னால் அவர் பொழுதுபோக்காகத்தான் கீறுவார்.

மதுரங்குளியார் கதை சுலபம். அவர்களுடைய முன்வரிசை ஆட்கள் மூன்று பேரும் பொறுமை இல்லாதவர்கள். மெதுவாக வரும் பந்தைக் கண்டால் போடுகிறவரின் தலைக்கு மேலால் நேரே தூக்குவார்கள். அங்கே வழமையாக யாரும் நிற்பதில்லை. ஸலாஹுதீனைப் போடுகிறவருக்கு நேர் பின்னால், எல்லைக்குக் கிட்ட நிறுத்துங்கள். ஆடு மேய்க்கவா என்று கேட்டால், ஓம் என்று சொல்லுங்கள்.

கால் வீங்கியிருக்கிறது. மற்றப்படி சுகம்.

கத்தரினா


புத்தளம்,
மார்ச் 6

அன்புள்ள கத்தரினாவுக்கு,

வென்றோம்! நீ எழுதினபடியே நடந்தது. முதலாவது ஆள் மெதுவான பந்தைக் கண்டான், தூக்கினான். ஸலாஹுதீன் நின்ற இடத்திலிருந்து அசையவே இல்லை. பந்து அவனைத் தேடி வந்து கையில் இருந்தது. அடுத்த ஆளும் அப்படியே. மூன்றாமவன் பயந்துபோய் அடிக்காமல் நின்று, ஸ்டம்பைப் பறிகொடுத்தான். ஸலாஹுதீன் ஓடிவந்து, “இது எப்பிடி மச்சான் ஒனக்குத் தெரியும்? கனவு கண்டியா?” என்று என்னைத் தூக்கிச் சுற்றினான்.

பின்னேரம் எங்கள் கழகத் தலைவர் எல்லாருக்கும் தேத்தண்ணியும் வட்டிலப்பமும் தந்து, “நம்முட கப்டனுக்கு மட்டை கொஞ்சம் பிழைச்சாலும் மூளை பிழைக்காது” என்று எழுந்து நின்று சொன்னார். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. நீ இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் சிலாபத்தார் இங்கே வருகிறார்கள். அருளப்புவுக்கு என்ன செய்யலாம் என்று எழுது. ஒன்று சொல்ல வேண்டும். போன கிழமை அலுவலாகச் சிலாபம் போனபோது அவன் விளையாடுவதைப் பார்த்தேன். இப்போது பந்தை முகப்பக்கம், ஆட்களின் தலைக்கு மேலாலும் தூக்கி அடிக்கிறான். முந்தி அப்படிச் செய்ததில்லை. யோசித்து எழுது.

அன்புடன்,
அருமைநாயகம்


கற்பிட்டி,
மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

வென்றது சந்தோஷம்.

தலைவர் அப்படிச் சொன்னபோது நீங்கள் என்ன மறுமொழி சொன்னீர்கள் என்று உங்கள் கடிதத்தில் தேடினேன். முன்பக்கமும் தேடினேன், பின்பக்கமும் தேடினேன். எனக்கு மாலை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. என்ன சொன்னீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அருளப்பு விஷயம். ஒரு நாள் பின்னேரம் ஒரு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவர் மாறிவிட்டார் என்கிறீர்கள். நான் இரண்டு வருஷம் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எவரும் எதையும் அடிப்பார்கள். கண்ணுக்கு அழகாகப்பட்டதை நம்புகிற பழைய நோய்தான் இதுவும். முதுகுப் பக்கம் ஸலாஹுதீனை நிறுத்துங்கள், விக்கெட் காப்பவருக்கும் எல்லைக்கும் நடுவில். அந்த இடத்தைத் தாளில் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறேன். அவர் அங்கிருந்து நகரக் கூடாது. அருளப்பு வந்து கொஞ்ச நேரத்துக்குள் அந்தப் பந்து வரும்.

இதைச் செய்யுங்கள். இந்த ஒன்றைச் செய்யுங்கள்.

கத்தரினா


புத்தளம்,
ஏப்ரல் 19

அன்புள்ள கத்தரினாவுக்கு,

நேற்றுத் தோற்றோம். அருளப்பு பின்னேரம்வரை நின்று அடித்தான். முகப்பக்கமும் அடித்தான், முதுகுப் பக்கமும் அடித்தான். உன் தாளில் உள்ளபடி ஏறத்தாழச் செய்தேன். இனி எதைச் சொல்லி என்ன? தாள் மைதானத்தில் ஓடாது, மனுஷர்தான் ஓட வேண்டும். தலைவர் என்னோடு கதைக்காமலே வீட்டுக்குப் போனார். வருகிற வருஷம் வேறு கப்டன் பார்க்கப் போகிறார்களாம்.

நீ கேட்ட கேள்விக்கு மறுமொழி: நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தேன். வேறு என்ன சொல்வது? பெண்சாதி வீட்டிலிருந்து எழுதி அனுப்புகிறாள், நான் ஆட்களை நிறுத்துகிறேன் என்றா? இந்த ஊரை உனக்குத் தெரியாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். நாள் கிட்டுகிறது.

அருமைநாயகம்


கற்பிட்டி,
ஏப்ரல் 24

அத்தானுக்கு,

ஸலாஹுதீனின் தங்கச்சி, என்னிடம் படித்த மர்ளியா, இங்கே கட்டிக்கொடுத்த தன் ராத்தா வீட்டுக்கு வந்தவள் என்னையும் பார்க்க வந்தாள். ஸலாஹுதீன் வீட்டில் சொன்னதை அவள் சும்மா கதையாகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாது என்று அவளுக்குத் தெரியாது.

ஆட்டம் தொடங்க முந்தி, வியர்வை துடைக்க லேஞ்சியை எடுக்கும்போது என் தாள் உங்கள் பையிலிருந்து விழுந்ததாம். ஸலாஹுதீன் எடுத்து, “முதுகுப் பக்கம் ஸலாஹுதீன்” என்று உரக்க வாசித்தாராம். எல்லாரும் சிரித்து, யாருடைய எழுத்து என்று கேட்டார்களாம். “வீட்டில பொழுது போகாம எழுதின விளையாட்டு” என்று சொல்லி, அதைக் கசக்கி எறிந்தீர்களாம்.

பிறகு, சிரித்தவர்களுக்காக ஸலாஹுதீனை முதுகுப் பக்கம் நிறுத்தவும் இல்லை. எனக்காக அவர் வழமையாக நிற்கும் முகப்பக்கம் விடவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தினீர்கள். அதைத்தான் ‘ஏறத்தாழ’ என்று எழுதினீர்களா? இரண்டு பக்கமும் போன பந்தையும் நடுவில் நின்ற மனுஷன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நான் சொன்ன இடத்தில் நிறுத்தித் தோற்றிருந்தால் பிழை என்னுடையது. நீங்கள் நினைத்த இடத்தில் நிறுத்தியிருந்தால் உங்களுடையது. இந்தத் தோல்வியை நான் எந்தத் தாளில் கீறுவது?

நீங்கள் வெட்கப்பட்டது விளங்குகிறது. அதைப் பொறுப்பேன். விளையாட்டு என்று சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

இனி எனக்குத் தாள் அனுப்ப வேண்டாம்.

கத்தரினா


புத்தளம்,
யூன் 19

அன்புள்ள கத்தரினாவுக்கு,

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்து நின்ற நாட்களில் நீ பிள்ளையின் பால், பிள்ளையின் சளி, மக்தலேனா என்ற பெயர் ஆகியவற்றைத் தவிர வேறு ஒன்றும் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய கடிதங்களுக்கு உன் அம்மாதான் மறுமொழி எழுதுகிறா. ‘இங்கு யாவரும் சுகம்’ என்பதற்கு மேல் அவவுக்கும் எழுதத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வருகிறது. பிறகு அந்தக் கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் இருக்கிறது.

நடந்ததை எழுதுகிறேன். நீ மறுமொழி எழுதாவிட்டாலும் வாசி.

மூன்று கிழமைக்கு முந்திய சனிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லாரும் மரத்தடியில் இருந்தோம். தலைவரும் இருந்தார். மதுரங்குளியை வென்ற மூளை சிலாபத்தாருக்கு முன்னால் எங்கே போனது என்று யாரோ பகிடியாகக் கேட்டார்கள். நான் எழுந்தேன். “அந்த மூளை என்னுடையது இல்லை. என்னுடைய மனுசி கத்தரினாவுடையது. ரெண்டு வருஷமா இந்த மரத்துக்குக் கீழ இருந்து எல்லாத்தையும் கீறினவ அவதான். சிலாபத்தாரோட நான் அவ சொன்னதைச் செய்யேல்லை. அதுதான் தோத்தம்” என்றேன்.

ஒருவன் மட்டும் இருமுகிறவன் போலச் சிரித்தான். தலைவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். பிறகு ஸலாஹுதீன் எழுந்து வந்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு வந்தது கோபம்.

“டீச்சர் எழுதினதா அது? எங்கட தங்கச்சிக்குப் படிச்சுக் குடுத்த டீச்சரா? அத ஏன் மச்சான் எனக்குச் செல்லல்ல? நான் சிரிச்சது ஒன்னப் பாத்து. டீச்சர் எண்டு தெரிஞ்சிருந்தா ஆடு மேய்க்கச் சென்னாலும் மேய்ச்சிருப்பன்!”

ஹாசிமும், “பொழுதுபோக்கு எண்டீங்களே, ஐயா. உண்மையச் சென்னா நான் ஒழுங்காக் கீறியிருப்பன்தானே” என்று குறைப்பட்டார்.

நான் பயந்த சிரிப்பு முழுக்க அந்த ஒரு இருமலோடு முடிந்துவிட்டது, கத்தரினா. அதை நினைக்கத்தான் எரிச்சலாக இருக்கிறது.

தலைவருக்குப் பிடிக்கவில்லை. ஓகஸ்ட்டில் சிலாபத்தாரோடு நடக்கும் ஆட்டத்துக்கு மட்டும் நான் கப்டனாக இருக்கலாமாம், பிறகு பார்ப்பார்களாம். பிறகு வந்த இரண்டு சனிக்கிழமையும் ஹாசிம் சிலாபம் போய், அருளப்பு ஆடுவதைப் பார்த்து, இந்த முறை ஒழுங்காகக் கீறின தாள்கள் இதோடு இருக்கின்றன. அனுப்ப வேண்டாம் என்று சொன்னாய். அனுப்பிவிட்டேன்.

அருமைநாயகம்


கற்பிட்டி,
யூலை 24

அத்தானுக்கு,

தாள்களைப் பல நாள் தொடாமல் வைத்திருந்தேன். பிள்ளை நித்திரையான ஒரு பகலில் எடுத்துப் பார்த்தேன்.

ஹாசிம் நானாவுக்கு நன்றி சொல்லுங்கள். அவருடைய கோடுகளை என் பழைய தாளோடு வைத்துப் பார்த்தேன். அருளப்பு மாறித்தான் இருக்கிறார். நீங்கள் மார்ச் மாதத்தில் சொன்னது சரி. நான் கேட்டிருக்க வேண்டும். முகப்பக்கம் தூக்கி அடிக்கிறார். ஆனால் அது களைத்த பிறகு, நிலைத்து நின்ற பிறகு. வந்த புதிதில் இன்றைக்கும் அதே முதுகுப் பக்கம்தான். ஆகவே தொடக்கத்தில் ஸலாஹுதீன் முதுகுப் பக்கம் நிற்கட்டும். அருளப்பு நிலைத்துவிட்டால் ஸலாஹுதீனை முகப்பக்கம் எல்லைக்கு அனுப்புங்கள். ஒரு நேரத்தில் ஓர் இடம். நடுவில் வேண்டாம்.

ஓகஸ்ட்டில் சோழகக் காற்று வீசும். களப்பிலிருந்து வருகிற காற்று, எழும்பின பந்தை ஊர்ப்பக்கம் இழுக்கும். புள்ளி வைத்த இடத்திலிருந்து கொஞ்சம் ஊர்ப்பக்கம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இதை உங்களுக்காக எழுதவில்லை. தாளில் இருப்பதைச் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. அவ்வளவுதான்.

மக்தலேனா கவிழ்ந்து படுக்கப் பழகுகிறாள்.

கத்தரினா


புத்தளம்,
ஓகஸ்ட் 14

அன்புள்ள கத்தரினாவுக்கு,

தோற்றோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச ஓட்டத்தால், ஆனாலும் தோல்வி தோல்விதான்.

இந்த முறை உன் தாளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் போனேன். எல்லாரையும் கூப்பிட்டு, “டீச்சர் இப்பிடித்தான் நிற்கச் சொல்லியிருக்கிறா” என்று ஒவ்வொருவராக நிறுத்தினேன். ஸலாஹுதீன் தாளை வாங்கிப் பார்த்து, காற்றுப் பார்த்து, தன் இடத்தைத் தானே அடி வைத்து அளந்து நின்றான். சிலாபத்தார் எங்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்.

அருளப்பு வந்தான். மூன்றாவது ஓவரோ நாலாவதோ. இடுப்புக்குப் பந்து. மணிக்கட்டால் திருப்பினான். பந்து எழும்பியது. காற்று அதைப் பிடித்து ஊர்ப்பக்கம் தள்ளியது. கத்தரினா, அந்தப் பந்து ஸலாஹுதீனின் நெஞ்சுக்கு நேரே போனது. அவன் ஒரு அடிகூட எடுத்து வைக்கத் தேவையில்லை. நான் கையைத் தூக்கிக் கத்திவிட்டேன்.

கைக்குள் விழுந்து, துள்ளி, நிலத்தில் விழுந்தது.

ஒரு பிடியும் விடாதவன். மதுரங்குளியில் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தவன். நிலத்தில் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தேன். ஹாசிம் மரத்தடியிலிருந்து, “காத்து இழுத்திட்டுது, காத்து!” என்று கத்தினார். ஸலாஹுதீன் திரும்பி, சிலாபத்தாருக்கும் தலைவருக்கும் ஊருக்கும் கேட்கச் சொன்னான்:

“காத்தையும் டீச்சர் எழுதித்தான் ஈந்தாங்க! டீச்சர் சென்ன எடம் சரி. என்ட கைதான் பிழ!”

அதற்குப் பிறகு அருளப்பு நிலைத்துவிட்டான். ஸலாஹுதீனை முகப்பக்கம் அனுப்பினேன். சில பௌண்டரிகளைத் தடுத்தான். போதவில்லை. ஆட்டம் முடிந்து அருளப்பு என்னிடம் வந்து, அந்த இடத்தில் ஆள் நிறுத்த எப்படித் தோன்றியது என்று கேட்டான். சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்து, தன்னுடைய தாளைத் தனக்கு ஒருமுறை காட்டுவாவா என்று கேட்டான். மாட்டா என்றேன்.

அடுத்த வருஷக் கப்டன் யார் என்று தலைவர் இன்னும் சொல்லவில்லை. ஸலாஹுதீன் ஆட்டத்துக்குப் பிறகு தன் கடைக்குப் போகவில்லையாம். உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று மர்ளியாவிடம் கேட்கிறானாம்.

வீடு வெறுமையாக இருக்கிறது. வா என்று எழுதத் தைரியம் இல்லை.

அருமைநாயகம்


கற்பிட்டி,
ஓகஸ்ட் 18

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பந்து நிலத்தில் விழுந்த இடம் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பிள்ளை எழும்பி அழுதாள். “என்ன, ஆரும் செத்திட்டினமா?” என்று அம்மா ஓடிவந்தா. பிடியை விட்டுவிட்டார்கள் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனா.

எத்தனை மாதம்! எழுதி, சண்டை பிடித்து, மறுபடி எழுதி, கடைசியில் பந்து அந்த இடத்துக்கே வந்து, கையிலும் விழுந்து! இரவு சாப்பிடவும் மனம் வரவில்லை. உங்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். இந்த முறை உங்கள் மேல் ஒரு பிழையும் அகப்படவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸலாஹுதீன் என் முகத்தில் முழிக்கலாம் என்று சொல்லுங்கள். கடைக்குப் போகச் சொல்லுங்கள். பின்னேரங்களில் காற்றுக்கு எதிரே நின்று உயரப் பந்து பிடித்துப் பழகச் சொல்லுங்கள். காற்றை எழுதின நான், காற்றில் பழகச் சொல்லி எழுதவில்லை. அருளப்புவுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி சரியானது.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் பிள்ளையோடு வருகிறேன். ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஹாசிம் நானாவையும், விரும்பினால் தலைவரையும். ஒவ்வொருவரும் எந்தப் பந்தை எங்கே விட்டார்கள் என்று எனக்குக் கேட்க வேண்டும். தேத்தண்ணியை நீங்கள் ஊற்றிக் கொண்டுவாருங்கள். மக்தலேனா அழுதால் அவளையும் நீங்களே தூக்குங்கள்.

முன் மண்டபத்தில், அவர்களுக்கு நடுவில், எனக்கு ஒரு கதிரை போட்டு வையுங்கள்.

கத்தரினா